பட்டாசுக் கடையின் மேசையிலிருந்து தொடங்கட்டும் சட்டம்: தமிழ்நாட்டின் நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மக்களவை, மாநிலங்களவை உறுப்பினர்களுக்கு,

வணக்கம்.

சாத்தூருக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் பிறந்தவள் நான். அம்மா முதலில் வீட்டில் உட்கார்ந்து தீப்பெட்டி ஒட்டினார். பிறகு ஆலை வேனில் ஏறிப் போய்ப் பட்டாசுக்குத் திரி செருகினார். சோப்புப் போட்டுத் தேய்த்தாலும் போகாத அலுமினியப் பொடியின் வெள்ளிப் பூச்சு அவருடைய கைரேகைகளுக்குள் எப்போதும் இருக்கும். சனிக்கிழமைதோறும் அவர் கொண்டுவந்த வாரக்கூலியில்தான் நானும் என் தம்பிகள் இருவரும் படித்தோம். அந்தப் படிப்பால் செவிலியரான நான், 27 ஆண்டுகள் கண் சிகிச்சைப் பிரிவில் பணிபுரிந்து ஓய்வு பெற்றிருக்கிறேன். பட்டாசு தந்த சோற்றைத் தின்று வளர்ந்து, பட்டாசு பறித்த கண்களுக்குக் கட்டுப்போட்டே பணிக்காலத்தைக் கழித்தவள் என்பதால், இந்தத் தொழிலை முற்றாக ஒழிக்கச் சொல்பவர்கள் பக்கமும், குறையே இல்லை என்று சொல்பவர்கள் பக்கமும் என்னால் நிற்க முடியவில்லை. நான் உங்களிடம் கேட்க வந்தது ஒன்றுதான். ஆபத்து மிகுந்த பட்டாசு வகைகள் பொதுமக்கள் கைக்கு விற்கப்படுவதைச் சட்டத்தால் கட்டுப்படுத்துங்கள். இதை மாநில அரசிடம் கேட்காமல் உங்களிடம் கேட்பதற்குக் காரணம், வெடிபொருள் என்பது அரசமைப்புச் சட்டத்தின் ஏழாம் அட்டவணையில் ஒன்றியப் பட்டியலில் இருக்கிறது என்பதே. இதற்கான சட்டம் டெல்லியில்தான் எழுதப்பட வேண்டும்.

ஒரு தீபாவளிக் காலையைச் சொல்கிறேன். எங்கள் பிரிவில் அன்றைக்கு யாருக்கும் விடுப்புக் கிடையாது; முந்தின இரவே கட்டில்களை ஒழித்துவைத்து, கண் மூடிகளையும் சொட்டு மருந்துகளையும் எடுத்து அடுக்கிவிடுவோம். எட்டு மணிக்கு ஒன்பது வயதுப் பையன் ஒருவனைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார்கள். எண்ணெய் தேய்த்துக் குளித்த தலையில் சீயக்காய் வாசனை போகவில்லை. புதுச் சட்டையின் காலர் ஓரத்தில் அவனுடைய அம்மா தொட்டுவைத்த மஞ்சள் அப்படியே இருந்தது. அதற்குக் கீழே சட்டை முழுக்க ரத்தம். அவன் வெடி போடவில்லை. வாசற்படியில் நின்று காதைப் பொத்திக்கொண்டு வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தான். எதிர்வீட்டுப் பையன் பச்சைச் சணல் சுற்றிய அணுகுண்டு ஒன்றைப் பற்றவைத்து, சத்தம் கூடுதலாக வரட்டும் என்று அதன்மேல் ஒரு கொட்டாங்கச்சியைக் கவிழ்த்திருக்கிறான். கொட்டாங்கச்சியின் சில்லு இவன் வலது கண்ணில் பாய்ந்துவிட்டது. டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்தபோது, கருவிழிக்குள் ரத்தம் பிறை வடிவில் அடியில் தேங்கி நின்றதை அருகிலிருந்து நானும் பார்த்தேன். அறுவை சிகிச்சை நடந்தது. பல நாள் படுக்கையில் வைத்திருந்தோம். வீட்டுக்கு அனுப்பும் நாளில் அந்தக் கண்ணுக்கு முன்னால் விரலைக் காட்டி எத்தனை என்று கேட்டால் அவனால் சொல்ல முடியவில்லை. வெளிச்சம் மட்டும் தெரிகிறது என்றான்.

அணுகுண்டைப் பற்றவைத்த பையனும் அன்று மருத்துவமனைக்கு வந்திருந்தான். பன்னிரண்டு வயதிருக்கும். வராந்தாத் தூணில் சாய்ந்து நின்று விம்மிக்கொண்டிருந்தான். கைகளில் வெடிமருந்து நெடி. யார் வாங்கித் தந்தது என்று கேட்டேன். "நானேதான் அத்தை போய் வாங்கினேன், காசு குடுத்ததும் குடுத்தாங்க" என்றான். அவனுடைய அப்பா தலையில் அடித்துக்கொண்டு அழுதார். கடைக்காரர் யார், எந்த ஊர் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அவர் தவறு செய்ததாக நினைத்திருக்க மாட்டார். கம்பி மத்தாப்பு, சாட்டை, பாம்பு மாத்திரை கிடக்கும் அதே மேசையில்தான் அணுகுண்டும் ராக்கெட்டும் கிடக்கின்றன. யார் காசு நீட்டினாலும் எடுத்துக் கொடுப்பதுதான் எங்கள் ஊர்களில் வழக்கம்.

அந்தப் பிரிவின் பதிவேட்டில் காயத்தின் காரணத்தை எழுத ஒரு கட்டம் உண்டு. ஒவ்வோர் ஆண்டும் அந்தக் கட்டத்தில் 'பட்டாசு' என்ற ஒரே சொல்லைத்தான் எழுதினோம். எந்த வகைப் பட்டாசு, யார் பற்றவைத்தது, அடிபட்டவர் பற்றவைத்தவரா பார்த்துக்கொண்டிருந்தவரா, கையில் பிடித்திருந்தாரா, பாதி எரிந்து அணைந்ததைக் குனிந்து பார்த்தாரா என்பதையெல்லாம் குறித்துவைக்க இடமில்லை. ஆனால் 27 ஆண்டுகள் கேட்டதில் எனக்கு மனப்பாடமாகிவிட்டது. பார்வை போகும் அளவுக்குக் கண்ணில் அடிபட்டு வந்தவர்கள் பெரும்பாலும் சொன்னது அணுகுண்டு வகையையும் ராக்கெட்டையும்தான். புஸ்வாணம் சீறுவதற்குப் பதிலாக வெடித்து முகம் வெந்து வந்தவர்களும் உண்டு. கம்பி மத்தாப்பும் பச்சைப் பிள்ளையின் கையில் கொடுக்கத்தக்க பொருளல்ல. ஆயிரம் டிகிரிக்கு மேல் எரிந்து முடித்த கம்பியைத் தரையில் போட்டுவிடுகிறார்கள், குழந்தைகள் அதை மிதிக்கிறார்கள். என்றாலும் உள்ளங்கால் புண் பத்து நாளில் ஆறிவிடும், கண் அப்படியில்லை. இந்த வேறுபாட்டைச் சட்டம் பார்க்க வேண்டும் என்பதே என் வாதம்.

இப்போது நம்மிடம் இருக்கும் சட்டம் 1884ஆம் ஆண்டின் வெடிபொருள் சட்டம். பட்டாசையும் வெடிபொருள் என்றே அது கணக்கில் எடுத்துக்கொள்கிறது. அதன் 6ஏ பிரிவின்படி, 18 வயது நிரம்பாதவர் வெடிபொருளைத் தயாரிக்கவும் விற்கவும் கூடாது, அப்படிப்பட்டவர் என்று தெரிந்தும் அவருக்கு ஒருவர் விற்கவும் கூடாது. எழுத்துக்கு எழுத்து படித்தால், பன்னிரண்டு வயதுப் பையனுக்கு அணுகுண்டு விற்பதும் குற்றம், கம்பி மத்தாப்பு விற்பதும் அதே குற்றம். பெற்றோர் முன்னிலையில் ஒரு குழந்தை மத்தாப்புப் பிடிப்பதைத் தமிழ்நாட்டில் எந்தக் காவலரும் தடுக்கப் போவதில்லை, தடுக்கவும் முடியாது. எல்லாவற்றையும் ஒரே கயிற்றால் கட்டியதால் அந்தப் பிரிவு யாரையும் கட்டவில்லை. மத்தாப்புக்குக் கண்ணை மூடிக்கொள்ளும் சட்டம் அணுகுண்டுக்கும் சேர்த்தே மூடிக்கொள்கிறது. விதிகளையோ உரிம நிபந்தனைகளையோ மீறி விற்றதாக வழக்கு நடந்து தண்டனை கிடைத்தாலும், 9பி பிரிவின்படி இரண்டு ஆண்டுவரை சிறை அல்லது மூவாயிரம் ரூபாய்வரை அபராதம் அல்லது இரண்டும். சிறைக்கு யாரும் போவதில்லை. மூவாயிரம் ரூபாய் என்பது தீபாவளிக்கு முந்தின நாள் மாலையில் ஒரு நல்ல கடை சில நிமிடங்களில் பார்த்துவிடும் வியாபாரம்.

உச்ச நீதிமன்றம் பாதி வேலையைச் செய்திருக்கிறது. டெல்லியைச் சேர்ந்த மூன்று கைக்குழந்தைகளின் பெயரில் 2015இல் தொடுக்கப்பட்ட வழக்கில், 2018 அக்டோபர் 23 அன்று, சரவெடிக்கும், பட்டாசு மருந்தில் சேர்க்கும் பேரியம் உப்புகளுக்கும் தடை வந்தது. இணைய வணிகத் தளங்களில் பட்டாசு விற்பதும் தடுக்கப்பட்டது. வெடிக்க நாளைக்கு இரண்டு மணி நேரம் என்று வரையறை வந்தது. நமக்குத் தீபாவளி விடியலில் தொடங்குகிறது என்று தமிழ்நாடு முறையிட்ட பிறகு, அந்த இரண்டு மணியை எப்போது வைத்துக்கொள்வது என்பதை மாநிலமே முடிவு செய்யலாம் என்று அதே மாதத்தில் திருத்தினார்கள். காலை 6 முதல் 7, மாலை 7 முதல் 8 என்று நாம் வைத்துக்கொண்டோம். 2021இல் நீதிமன்றம் அந்தத் தடைகளைத் திரும்பவும் வலியுறுத்தியது. பேரியத்தையும் சரவெடியையும் அனுமதிக்கக் கோரிய உற்பத்தியாளர்களின் மனுவை 2023 செப்டம்பரில் தள்ளியது.

இந்த ஆணைகளுக்குப் பின்னால் இருந்த கவலை காற்று, நியாயமான கவலை. ஆனால் காயம் என்ற கோணத்தில் பட்டாசைப் பிரித்துப் பார்த்து, இன்னது யாருக்கு விற்கலாம், இன்னது யாருக்கும் சில்லறையில் விற்கக் கூடாது என்று வகுக்கும் வேலை நீதிமன்றத்தினுடையதல்ல. அது சட்டமன்றங்களின் வேலை. இந்த விஷயத்தில் உங்கள் அவைகளின் வேலை. அது நடக்காததால் ஆணையின் பாரம் முழுவதும் தெருவில் போய் இறங்கியிருக்கிறது. ஆண்டுதோறும் தீபாவளியன்று நேரம் கடந்து வெடித்தவர்கள் மீது காவல்துறை நூற்றுக்கணக்கில் வழக்குப் பதிகிறது. எட்டு மணி ஐந்து நிமிடத்துக்கு வெடித்தவர் மீது வழக்கு. ஆனால் ஏழரை மணிக்குச் சட்டப்படி வெடித்த அணுகுண்டு ஒரு கண்ணைப் பறித்தால், அந்தப் பொருளை விற்கவிட்டது பற்றிக் கேள்வி இல்லை. கடிகாரத்தைப் பார்க்கும் சட்டம் கடை மேசையையும் பார்க்கட்டும்.

சத்தத்துக்கு ஒரு வரம்பு இருக்கிறதே என்று சிலர் சொல்வார்கள். இருக்கிறது. வெடிக்கும் இடத்திலிருந்து நான்கு மீட்டர் தூரத்தில் 125 டெசிபலுக்கு மேல் சத்தம் தரும் வெடியைத் தயாரிக்கவோ விற்கவோ கூடாது என்று 1999இலேயே விதி போட்டார்கள். ஆனால் அந்த நான்கு மீட்டரைக் கொஞ்சம் அளந்து பாருங்கள். மதுரையிலும் திருச்சியிலும் சென்னையிலும் மக்கள் நெருங்கி வாழும் சந்துகளில் ஒரு வீட்டு வாசலுக்கும் எதிர்வீட்டு வாசலுக்கும் நடுவே அந்த இடம் கிடையாது. சட்டம் அளவெடுக்க நிற்கும் இடத்தைவிடப் பக்கத்தில் நம் வாசற்படிகள் இருக்கின்றன. அவற்றில் குழந்தைகள் நிற்கிறார்கள். வெறும் சத்தத்தைக் கொண்டு ஆபத்தை அளக்கவும் முடியாது. சாய்ந்துபோன பாட்டிலிலிருந்து கிளம்பிய ராக்கெட் பெரிய சத்தம் எதுவும் போடாமல்தான் கூரை வீட்டுக்குள் நுழைகிறது.

வெளிநாட்டை உதாரணம் காட்டுவது எனக்கு எப்போதும் பிடித்த காரியமல்ல; இருந்தாலும் சிலவற்றைச் சொல்லியாக வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தில் பட்டாசுகளை ஆபத்தின் அளவுப்படி நான்கு தரமாகப் பிரித்திருக்கிறார்கள். முதல் தரத்தை வாங்கக் குறைந்தது 12 வயது, இரண்டாவதற்கு 16, மூன்றாவதற்கு 18. நான்காவது தரம் பயிற்சி பெற்ற தொழில்முறையாளர்களுக்கு மட்டும், கடையில் கிடையாது. உறுப்பு நாடுகள் இதைவிட இறுக்கிக்கொள்ளவும் இடமிருக்கிறது. நெதர்லாந்து முதலில் ராக்கெட்டையும் பெருவெடிகளையும் மட்டும் நிறுத்திப் பார்த்தது. அது போதவில்லை என்று கண்டு, பொதுமக்களுக்கான பட்டாசு வகைகளைத் தடை செய்யும் சட்டத்தை அந்நாட்டு நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் 2025இல் ஏற்றன. பிரிட்டனில் சாதாரண உரிமம் வைத்திருக்கும் கடைகள் ஆண்டு முழுவதும் பட்டாசு விற்க முடியாது. விற்கலாம் என்று விதி குறிப்பிடும் நாட்களில், தீபாவளியும் அதற்கு முந்தைய மூன்று நாட்களும் அடங்கும். விற்பனையைக் கட்டுப்படுத்திய ஒரு நாட்டுச் சட்டம் நம் பண்டிகையின் பெயரைச் சொல்லி அதற்கு இடம் ஒதுக்கியிருக்கிறது என்பதை, கட்டுப்பாடு என்றாலே பண்டிகைக்கு விரோதம் என்று பேசுவோர் கவனிக்க வேண்டும்.

சிங்கப்பூரின் கதை நமக்கு இன்னும் நெருக்கமானது. அங்கே 1970 சீனப் புத்தாண்டில் பட்டாசால் ஆறு பேர் இறந்தார்கள். முதலில் நேரமும் இடமும் குறித்து வெடிக்கவிட்டுப் பார்த்தார்கள், அதாவது நாம் இப்போது செய்வதைப் போல. சரிப்படவில்லை. 1972இல் அபாயகரமான பட்டாசுகளுக்கென்றே தனிச் சட்டம் கொண்டுவந்து நிறுத்திவிட்டார்கள். அங்கிருக்கும் நம் உறவினர்கள் இன்றும் தீபாவளிக்குத் தேக்கா என்னும் லிட்டில் இந்தியா முழுக்க விளக்குப் போட்டு, எண்ணெய் தேய்த்துக் குளித்து, பலகாரம் சுட்டுக் கொண்டாடுகிறார்கள். நான் அந்த அளவுக்குப் போகச் சொல்லவில்லை. போகச் சொன்னால் என் அம்மாவின் ஊர் பட்டினி கிடக்கும். நம் நாட்டிலேயே கூந்தன்குளத்துக்காரர்களும் வேட்டங்குடிச் சரணாலயத்தைச் சுற்றியுள்ள கிராமத்தாரும் பறவைகளுக்காகத் தலைமுறை தலைமுறையாக வெடியை ஒதுக்கிவைத்திருக்கிறார்கள். வெடியில்லாமல் தீபாவளி இல்லை என்ற பேச்சை அவர்கள் ஊரில் போய்ச் சொல்ல முடியாது.

நான் கேட்கும் சட்டம் எப்படி இருக்க வேண்டும் என்று எனக்குத் தெரிந்த மொழியில் சொல்கிறேன். பட்டாசுகளைக் காயம் ஏற்படுத்தும் திறன்படி தரம் பிரிக்க வேண்டும். உள்ளே இருக்கும் மருந்தின் எடை, எவ்வளவு தூரத்துக்குச் சிதறும், பாதை தவறிப் பறக்குமா என்பவற்றை வைத்து நாக்பூரில் தலைமையகம் கொண்ட பெட்ரோலியம் மற்றும் வெடிபொருள் பாதுகாப்பு நிறுவனம் அதைச் செய்யலாம். எந்தப் பட்டாசில் என்ன மருந்து என்று சொல்லும் அதிகாரமும் அறிவும் அவர்களிடம் இருக்கின்றன. அந்தத் தரம், பெட்டியின்மேல் தமிழிலும், விற்கப்படும் மாநிலத்தின் மொழியிலும், எழுத்தறியாதவருக்கும் புரியும் நிறத்தாலும் அச்சிடப்பட வேண்டும். மத்தாப்பு, சங்குசக்கரம், சாட்டை போன்றவற்றைப் பெரியவர் ஒருவர் வாங்கிப் பிள்ளைகள் பக்கத்தில் நின்று கொளுத்தட்டும். நடுத்தர வெடிகளை 18 வயது நிறைந்தவருக்கு மட்டும், அடையாள அட்டையைப் பார்த்து விற்கட்டும். சணல் சுற்றிய பெருவெடிகளும், குச்சி ராக்கெட்டுகளும், வானத்தில் வரிசையாய்ச் சுடும் பெரிய பெட்டிகளும் சில்லறைக் கடையில் இருக்கவே கூடாது. ஊர்த் திருவிழாவுக்கு வேண்டுமென்றால், பயிற்சியும் உரிமமும் பெற்றவர் வாங்கி, திடலில் கயிறு கட்டி, மக்களைத் தள்ளி நிற்கவைத்து வெடிக்கட்டும். ஊரே சேர்ந்து பார்க்கட்டும்.

வயதைப் பார்க்கும் பொறுப்பு விற்பவருடையது என்று சட்டம் தெளிவாகச் சொல்ல வேண்டும். பெற்றோருக்குப் பொறுப்பில்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. ஆனால் அப்பா வேலைக்குப் போன நேரத்தில், தாத்தா கொடுத்த தீபாவளிக் காசை எடுத்துக்கொண்டு ஓடுகிற பையனுக்கும் அணுகுண்டுக்கும் நடுவே நிற்கும் ஒரே பெரிய மனிதர் கடைக்காரர்தான்.

லேபிள் இல்லாத நாட்டு வெடி எந்தத் தரத்திலும் சேராது. அதன் விற்பனை முழுக் குற்றமாக வேண்டும். 2021 நவம்பர் 4, தீபாவளி நாள். புதுச்சேரியிலிருந்து இருசக்கர வாகனத்தில் நாட்டு வெடி மூட்டையை முன்னால் வைத்துக்கொண்டு தன் ஏழு வயது மகனோடு வந்துகொண்டிருந்தார் ஒரு தந்தை. விழுப்புரம் மாவட்டம் கோட்டக்குப்பம் அருகே மூட்டை வெடித்தது. அப்பாவும் பிள்ளையும் அந்த இடத்திலேயே இறந்துபோனார்கள். அந்தக் கண்காணிப்புக் கேமராப் பதிவைத் தமிழ்நாடே கைப்பேசியில் பார்த்தது. என்ன மருந்து, எவ்வளவு எடை, எந்த அதிர்ச்சி தாங்கும் என்று யாருக்கும் தெரியாத ஒரு பொருள் மூட்டையாக விற்கப்பட்டு, பிள்ளை உட்கார்ந்திருக்கும் வண்டியில் போகிறது. அந்தத் தந்தையைக் குறை சொல்லி நாம் நகர்ந்துவிட முடியாது. ஒருவருக்கு ஒரே நேரத்தில் எவ்வளவு விற்கலாம், அதை எப்படிக் கட்டித் தர வேண்டும் என்பதையும் சட்டம் சொல்ல வேண்டும்.

கடைகள் இருக்கும் இடத்தைப் பற்றி விதிகள் இருக்கின்றன. தற்காலிகக் கடைகளுக்கு நடுவே மூன்று மீட்டர் இடைவெளி, குடியிருப்பு போன்றவற்றிலிருந்து ஐம்பது மீட்டர், ஒன்றை ஒன்று பார்த்தபடி இருக்கக் கூடாது, ஓரிடத்தில் ஐம்பதுக்கு மேல் கூடாது என்றெல்லாம் 2008ஆம் ஆண்டின் வெடிபொருள் விதிகள் நன்றாகவே எழுதிவைத்திருக்கின்றன. நடப்பதும் நமக்குத் தெரியும். 2016 அக்டோபரில் சிவகாசியில் பட்டாசுக் கிடங்கு ஒன்றில் சரக்கு ஏற்றும்போது பிடித்த தீயின் புகை, பக்கத்திலிருந்த ஸ்கேன் மையத்துக்குள் புகுந்தது. ஸ்கேன் எடுக்க வந்தவர்களும் அங்கே வேலை பார்த்தவர்களும் மூச்சுத் திணறி மாண்டார்கள். 2021 அக்டோபரில் சங்கராபுரம் கடைத்தெருவில் பட்டாசுக் கடை எரிந்தது. 2023 ஜூலையில் கிருஷ்ணகிரி பழையபேட்டையில் கிடங்கு வெடித்து ஒன்பது பேர் இறந்தார்கள். அதே ஆண்டு அக்டோபரில் ஓசூரைத் தாண்டி அத்திப்பள்ளியில் ஒரு கடையில் சரக்கு இறக்கும்போது பிடித்த தீயில் இறந்தவர்களில் பலர், கல்லூரிச் செலவுக்காகத் தீபாவளிச் சீசன் வேலைக்குப் போன தமிழ்நாட்டு இளைஞர்கள். விற்பனையைக் கட்டுப்படுத்துவது வாங்குபவரின் கண்ணை மட்டும் காப்பதற்கன்று. பெருவெடிகள் சில்லறைக் கடைக்கு வராமல் போனால், கடைக்குள் நிற்கிற அந்தப் பிள்ளைகளின் தலைமேல் இருக்கும் பாரமும் குறையும்.

இணையம் வழியாக விற்கக் கூடாது என்ற தடை, கைப்பேசிச் செய்தியில் பட்டியல் அனுப்பி, பணம் வாங்கிக்கொண்டு, பார்சல் லாரியில் ஏற்றிவிடும் வழியால் உடைந்துபோயிருக்கிறது. அந்தப் பார்சலின் மேல் என்ன பெயர் எழுதியிருக்கிறது என்று லாரி ஓட்டுநருக்குத் தெரியும், உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாது. இதையும் புதுச் சட்டம் அடைக்க வேண்டும்.

எங்கள் பகுதி மக்களின் வயிற்றைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கடிதத்தை எழுத எனக்கு மனம் வராது. 2018 தீர்ப்பு வந்த வேகத்தில் சரம் பின்னிக்கொண்டிருந்த பெண்களுக்கு ஒரே நாளில் கை வேலை போனது. அந்த நவம்பரில் ஆலைகள் மூடி, மாதக்கணக்கில் திறக்கவில்லை. வட்டிக்கு வாங்கித் தின்ற குடும்பங்களை எனக்குப் பெயர் சொல்லித் தெரியும். நீதிமன்றத்தால் ஒன்றைத் தடுக்க முடியும். தடுத்ததால் வேலை இழந்தவருக்கு மாற்று ஏற்பாடு செய்வது அதற்குக் கடினம். நாடாளுமன்றத்தால் இரண்டையும் செய்ய முடியும். எந்த வகைகள் எந்தத் தீபாவளியோடு சில்லறை விற்பனையிலிருந்து நிற்கும் என்று இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே அறிவியுங்கள். அதற்குள் ஆலைகள் அந்த வெடிகளைச் செய்யும் அறைகளை மத்தாப்பு வகைகளுக்கும் திருவிழாக் காட்சி வெடிகளுக்கும் மாற்றிக்கொள்ளட்டும். மாவட்ட வருவாய் அலுவலர் தரும் டி.ஆர்.ஓ. லைசென்ஸில் நடக்கும் சிறு ஆலைகளுக்குக் கடனும், வேலை இழக்கும் பெண்களுக்கு இடைக்கால ஊதியமும் அந்தச் சட்டத்தின் பகுதியாகவே வரட்டும். 1992இல் குளோரேட்டும் கந்தகமும் கலந்த மருந்தைத் தடை செய்தபோதும் தொழில் செத்துவிடும் என்றார்கள். சிவகாசி வேறு மருந்துக்கு மாறிக்கொண்டு அதன் பிறகுதான் இன்னும் பெரிதாக வளர்ந்தது. இன்னொன்றையும் நினைத்துப் பாருங்கள். அணுகுண்டுக்கு உள்ளே போகும் அதே மருந்தைக் கலப்பதும் திணிப்பதும் எங்கள் ஆட்கள்தான். வாங்குபவருக்கு ஆபத்தான வகை, செய்பவருக்கு அதைவிட ஆபத்தானது.

உங்களிடம் நேரடியாகச் சொல்ல வேண்டிய ஒரு குறை இருக்கிறது, கோபித்துக்கொள்ள வேண்டாம். சரவெடி தடை செய்யப்பட்டு ஆண்டுகள் பல ஆகிவிட்டன. ஆனால் வாக்கு கேட்டு வரும்போதும், வென்று வரும்போதும், மண்டபத் திறப்புக்கு வரும்போதும், கட்சி வேறுபாடு இல்லாமல் உங்கள் வண்டிக்கு முன்னால் சாலையை அடைத்துப் பத்தாயிரம் வாலாவை விரித்துவைத்துக் கொளுத்துகிறார்கள். அந்தச் சரம் எங்கே விற்கப்பட்டது என்று பக்கத்தில் நிற்கும் காவல் ஆய்வாளர் கேட்க முடியாது, வரவேற்கப்படுபவர் நீங்கள் என்பதால். அடுத்த முறை உங்களை வரவேற்கச் சரம் விரித்திருப்பதைக் கண்டால் வண்டியை விட்டு இறங்காதீர்கள். ஒரு வட்டாரத்தில் ஒரு முறை அப்படி நடந்தால் போதும், செய்தி எல்லாக் கடைகளுக்கும் போய்ச் சேர்ந்துவிடும்.

1884ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாகப் புதிய வெடிபொருள் சட்டத்துக்கான வரைவு ஒன்றை ஒன்றிய அரசின் தொழில், உள்நாட்டு வர்த்தக மேம்பாட்டுத் துறை 2024இல் கருத்துக் கேட்புக்கு வெளியிட்டது. விதிமீறி விற்பதற்கான அபராதத்தை மூவாயிரத்திலிருந்து ஐம்பதாயிரமாக உயர்த்தும் யோசனை அதில் இருக்கிறது. வரவேற்கிறேன். ஆனால் எதை விற்பது மீறல் என்று தெளிவாக வகுக்காமல் அபராதத்தை மட்டும் உயர்த்தினால், பழைய 6ஏ பிரிவைப் போல அதுவும் தாளிலேயே தங்கிவிடும். தமிழ்நாட்டிலிருந்து நீங்கள் 57 பேர் இரு அவைகளிலும் இருக்கிறீர்கள். பட்டாசு என்று பேச்சு வந்தால் சிவகாசிக்காக நீங்கள் எழுந்து நிற்பதைப் பெருமையாகப் பார்த்திருக்கிறேன். இந்தியாவின் பட்டாசில் பெரும்பகுதியைச் செய்யும் மாவட்டத்தைக் கொண்ட மாநிலத்தின் உறுப்பினர்களே தரம் பிரிக்கவும் பெருவெடிகளைச் சில்லறையிலிருந்து விலக்கவும் திருத்தம் கொண்டுவந்தால், தொழிலுக்கு எதிரி என்று உங்களை யாராலும் சொல்ல முடியாது. டெல்லிக்காரர்கள் நம் பிழைப்பைக் கெடுக்கிறார்கள் என்ற பேச்சுக்கும் இடமிருக்காது. தொழிலாளர் பாதுகாப்பும் இழப்பீடும் அந்தத் திருத்தத்திலேயே இருக்கும்படி எழுதுவதற்கும் உங்களைவிடத் தகுதியானவர்கள் இல்லை.

அந்த மசோதா அவைக்கு வரும்வரை காத்திருக்கத் தேவையில்லாத ஒரு வேலையும் இருக்கிறது. உங்கள் தொகுதியில் உள்ள அரசு மருத்துவமனையிடம், வரும் தீபாவளி முதல் பட்டாசுக் காயத்தோடு வரும் ஒவ்வொருவரிடமும் பட்டாசின் வகை, வயது, பற்றவைத்தவரா பார்த்தவரா, எங்கே வாங்கியது என்ற நான்கு விவரங்களைக் கேட்டு எழுதிவைக்கச் சொல்லுங்கள். அந்தத் தாள்களை வாங்கிக்கொண்டு டெல்லிக்குப் போங்கள். எந்த வகையை விற்கக் கூடாது என்பதற்கான பட்டியலை அதிலிருந்தே எழுதலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர்,
விருதுநகர் மாவட்டம்